கீல் வைத்த கட்டில்

அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன். நாலாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு ஆஸ்பத்திரி என்பது உடம்பு சரியில்லாதவர்கள் போகிற இடம். அங்கிருந்து திரும்பி வருகிறவர்கள் சரியாகிவிட்டவர்கள். டீச்சர் மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவி, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார். சந்தோஷமான செய்திக்கு இது என்ன பதில் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் வீடு ஆம்பூரில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அப்பா ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். அம்மா ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வீட்டை ஒட்டி ஷீட் போட்ட கொட்டகை ஒன்று உண்டு. கம்பெனி விட்டு வந்தால் அப்பா அதற்குள்தான் இருப்பார். எங்கள் வீட்டு மேஜை, அலமாரி, நான் உட்கார்ந்து எழுதும் சாய்வுப் பலகை எல்லாம் அங்கே செய்தவை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்து, நல்ல மரத்தைக் கெடுத்துக் கெடுத்துப் பழகியவர். முதன்முதலாகச் செய்த முக்காலி கடைசிவரை ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா அதன்மேல் தண்ணீர்ச் சொம்பைக்கூட வைக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்த அம்மாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. பழைய இரும்புக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைப்போம். கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் அவை சரிந்துவிடும், அம்மா திணறிக்கொண்டு எழுந்து உட்காருவாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்பா, முதுகுக்குச் சாய்மானம் வைத்த கட்டில் ஒன்றைத் தானே செய்வதென்று முடிவு செய்தார்.

மரம் பக்கத்து வீட்டு பாய் கொடுத்தது. வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற அவருடைய பழைய ஷாப்பைப் பிரித்தபோது எடுத்து வைத்த தேக்கு உத்தரங்கள். உறுதியான மரம்தான், ஆனால் இத்தனை வருஷத்துத் தோல் வாடை அதற்குள் ஊறிக் கிடந்தது. அம்மாவுக்கோ எந்த வாடையும் ஆகாது. அப்பா அவற்றைக் கழுவி மாடியில் காய வைத்தார். பலகையாக அறுத்து, இழைப்புளியால் சீவிச் சீவி, ஒவ்வொரு தடவையும் என் மூக்கருகில் நீட்டினார்.

"நாத்தம் வருதா பாரு பாப்பா."

ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு என்னுடையது. எனக்கு முதலிலிருந்தே ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு கை நிறைய மரச்சுருளை அள்ளிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினோம். அவள் முகர்ந்து பார்த்துச் சரியென்று தலையசைத்த பிறகுதான் அளவெடுக்கிற வேலை தொடங்கியது.

அந்த அளவு டேப்பில் அடங்கவில்லை. ஒரு பலகையைச் சுவரோரம் சாய்த்து, அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு, அம்மாவை அதில் சாயச் சொன்னார். நான் பலகையின் அடியைக் காலால் நகராமல் அழுத்திக்கொண்டேன். அப்பா மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தார்.

"இப்ப?"

அம்மா மூச்சை இழுத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் நிமிர்த்துங்க."

"இப்ப?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோள்கள் தளர்ந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சாதாரணமாக மூச்சு விட்டதை நான் பார்க்கவில்லை. அப்பா அசையாமல் நின்றார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகை சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் கோடு போட்டார்.

சண்டை அதற்கு அப்புறம்தான் வந்தது. சாய்மானப் பலகையைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்து அசையாமல் இறுக்கிவிடுவது அப்பாவின் எண்ணம். அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"கீலு வெச்சிடுங்க. பலகைய இறக்கினா சாதாரண கட்டிலா ஆயிடணும்."

"எதுக்கு? கீலு வெச்சா ஆட்டம் குடுக்கும்."

"அப்புறம் தேவைப்படும்ங்க."

"ஒண்ணும் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டு அப்பா கொட்டகைக்குப் போய்விட்டார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டில் சண்டைகள் அன்றைக்கே முடிந்துவிடுகிறவை. இது முடியவில்லை. அம்மாவால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது. பேச்சு நடுவில் நின்றுபோகும். அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை அப்பா காத்திருப்பார். அவள் சொல்ல வந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டு, பிறகு வேண்டாம் என்பார். அத்தனை மரியாதையாக நடந்த சண்டையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கால்கள் ஆயின, சட்டம் ஆயிற்று, சாய்மானம் மட்டும் தனியாகச் சுவரோரம் நின்றது.

எனக்கு அம்மா பக்கம்தான் நியாயம் இருந்தது. உடம்பு சரியான பிறகும் ஒருத்தி எதற்கு உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும்? இவ்வளவு எளிய விஷயம் அப்பாவுக்குப் புரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் கவுனைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குள் போனேன்.

"அப்பா, கீலு வெச்சிடுப்பா. அம்மாவுக்கு சரியாயிட்டா நல்லா நீட்டிப் படுக்க வேணாமா?"

அப்பா இழைப்புளியைக் கவிழ்த்து, அதன் வாயில் சிக்கியிருந்த சுருளை விரலால் எடுத்தார். எடுத்து முடித்த பிறகும் அதிலேயே விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா கேக்கச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான் கேக்கறேன்."

அவர் மரத்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பிடித்து இழுத்துத் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"சரி பாப்பா. வெச்சிடலாம்."

ஜெயித்துவிட்ட குதூகலத்தில் அம்மாவிடம் ஓடினேன். அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார், நான்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன் என்றேன். அம்மா, நீ என்ன கேட்டாய் என்றாள். கேட்டதை அப்படியே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூச்சு வாங்குகிறது போலும் என்று நான் பேசாமல் நின்றேன்.

ஆம்பூர்க் கடைகளில் பார்த்த கீல் எதுவும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. என்னை வண்டியில் உட்கார வைத்து வேலூர் லாங் பஜார்வரை போனார். ஒவ்வொரு பித்தளைக் கீலையும் காதருகில் வைத்துத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் வருகிறதா என்று பார்க்கிறார் என எனக்குத் தெரிந்தது. கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார், எந்தக் கதவுக்கு?"

"கதவுக்கு இல்ல. கட்டிலுக்கு" என்றார் அப்பா. அதற்குமேல் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை.

கட்டில் முடிந்து உள்ளே வந்தது. மூலைகளை எல்லாம் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். வார்னிஷ் வாடை ஆகாதென்று வெறும் தேங்காயெண்ணெய் பூசியிருந்தது. அம்மா ஏறி உட்காருமுன் பலகையை ஒரு தடவை இறக்கிக் காட்டச் சொன்னாள். அப்பா பின்னால் முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்து, இரண்டு கையாலும் மெதுவாக இறக்கினார். சத்தமே வரவில்லை.

"ஏறிப் படுடி" என்றாள் அம்மா என்னிடம்.

ஏறி நீட்டிப் படுத்தேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். என் காலுக்குக் கீழே நிறைய இடம் மிச்சமிருந்தது. "இன்னும் நல்லா வளரலாம்" என்றாள் சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். அப்பாவைத் தேடினால் அவர் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தார்.

அந்தக் கட்டிலில் அம்மா நன்றாகத் தூங்கினாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். மழை தொடங்கியபோது, சாய்ந்தபடியே, ஒரு விடியற்காலையில் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். வீடு காலியானதும் அப்பா அந்த அறைக்குள் வந்து முட்டுக்கட்டையை எடுத்தார். பலகையைப் பிடித்து இறக்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய் அதைக் கீழிருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன்.

"இப்ப எதுக்குப்பா இறக்கற? அம்மாதான் இல்லியே."

"நீ படுத்துக்க பாப்பா. இது உன் கட்டில்."

இல்லை, இது அம்மாவுக்குச் செய்தது, அம்மாவுக்காகத்தானே நான் கீல் கேட்டேன் என்று நான் கத்தினேன். அப்பா பலகையின் பாரம் முழுவதையும் தன் கையில் வாங்கிக்கொண்டு, நானாகக் கையை எடுக்கும்வரை அப்படியே பிடித்தபடி நின்றார்.