மானாமதுரை மின்னல் ஜெர்ஸியில் ஒரு கடைசி மேட்ச்

1. ரெஃப்ரி தூக்கிப் பிடித்த ஜெர்ஸி

"இதப் போட்டுக்கிட்டு ஒருத்தனும் உள்ள வர முடியாது. கலாஸ், முடிஞ்சது!" என்றார் ரெஃப்ரி.

அவர் சூடான்காரர். எங்கள் நீல ஜெர்ஸி ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் மேல் கறுப்பு மார்க்கரில் டீம் மொத்தமும் கையெழுத்துப் போட்டிருந்தது. "பை பை துபாய்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொருவன் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. மற்ற ஜெர்ஸிகளும் அதே லட்சணம்தான்.

கிட் மேன் வேலைக்கு வரும் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன். ஜெர்ஸி, பூட்ஸ், பந்து எல்லாவற்றுக்கும் கிட் மேன்தான் பொறுப்பு. துவைக்க வேண்டும், நம்பர் ஒட்ட வேண்டும், மேட்ச் அன்று அவரவர் இடத்தில் மடித்து வைக்க வேண்டும். கீழக்கரையிலிருந்து துபாய் வந்து, தேரா பஜாரில் ஒரு துணிக்கடையில் நின்று, பிறகு இந்த வேலைக்கு வந்தவன் நான். எல்லாருக்கும் நான் "பாய்".

அமெரிக்காவில் கீழ் டிவிஷனில் ஆடும் ஒரு கிளப், துபாயில் ஒரு டெவலப்மென்ட் டீம் ஆரம்பித்தது. பெரிய டீமுக்கு இன்னும் பழுக்காத பையன்களை இங்கே சின்ன லீகில் ஆடவிட்டு, தேறியவனை அங்கே கூட்டிப்போவது திட்டம். ஒரு சீசன் முழுசாகப் போகவில்லை. அமெரிக்காவில் ஸ்பான்சர் கையை விரித்துவிட்டான். இந்த ஒரு மேட்சை முடித்துவிட்டுக் கடையைச் சாத்துங்கள் என்று ஈமெயில் வந்தது.

2. ஊர்ப் பழக்கம்

எங்கள் கோச் ப்ரையன் தங்கமான மனுஷன். ஆனால் முந்தின நாள் பிராக்டிஸ் முடிந்ததும் மார்க்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பிரிகிற நேரத்தில் ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் கையெழுத்துப் போடுவது அவர்கள் ஊர்ப் பழக்கமாம்.

"நாளைக்கு மேட்ச் இருக்கே சார்?" என்றேன்.

"அதான் வெள்ளை செட் இருக்கே பாய்! கவலைய விடுங்க. நீங்களும் ஒண்ணு போடுங்க!"

நான் போடவில்லை. மேட்ச் ஜெர்ஸியில் கிறுக்க எனக்குக் கை வராது.

மறுநாள் காலையில் வெள்ளை செட்டை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அறை துடைத்து விட்டதுபோல் காலி. கிளப் மூடுகிறதே என்று ஆபீஸ்காரர்கள் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் பெட்டி கட்டி, விடிவதற்குள் கார்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் மிஞ்சியது துவைப்பதற்காக நான் தனியே கட்டி வைத்திருந்த இந்தக் கையெழுத்து மூட்டைதான். வேறு வழி? இரண்டு முறை துவைத்தேன். அந்த மார்க்கர் போவேனா என்றது. உள்பக்கம் திருப்பிப் போட்டால் மை இந்தப் பக்கமும் ஊறித் தெரிந்தது, நம்பரும் தெரியவில்லை.

அரைமணி நேரத்தில் ஜெர்ஸி வராவிட்டால் எதிர் டீமுக்கு வாக்ஓவர் என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். மூடப்போகிற டீம் தோற்றால் என்ன, ஜெயித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பெஞ்சில் குவாமே உட்கார்ந்திருந்தான். கானாக்காரன், லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்கம் தடுத்து ஆடுகிறவன். அவன் விசா இந்த டீமில்தான் இருந்தது. டீம் மூடினால் விசா கேன்சல், நேரே ஃப்ளைட். அவன் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே மேல் டிவிஷன் கிளப் ஒன்றின் கோச் கேலரியில் வந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் வரமாட்டார். மேட்ச் நடந்தால்தான் குவாமேவுக்கு இந்த ஊர்.

"பாய், மேட்ச் மாஃபி?" என்று கேட்டான். மேட்ச் இல்லையா என்று அர்த்தம். நான் போனை எடுத்தேன்.

3. அரிசிப் பையில் பச்சை

கிரவுண்டு இருந்தது அல் கூஸில். பின்னால் கிடங்குகளைத் தாண்டினால் ஒரு லேபர் கேம்ப். அங்கே நம்ம பையன்கள் லீவு நாளில் மண்ணில் ஃபுட்பால் ஆடுவார்கள். டீம் பெயர் "மானாமதுரை மின்னல்". பழைய பந்துகளை அவர்களுக்குத்தான் கொடுப்பேன். கேப்டன் முருகேசனுக்கு போன் போட்டேன். கம்பி கட்டும் வேலை செய்கிறவன்.

"முருகேசு, உங்க ஜெர்ஸி மொத்தமும் இப்பவே வேணும்ப்பா."

"என்ன பாய் இப்பிடிச் சொல்றீக! இப்பத்தான் ஆடிட்டு வந்து கழட்டிப் போட்டாய்ங்க. வேர்வை சொட்டுது. தொவச்சுத் தாரேன், சாயங்காலம் வாங்க."

"சாயங்காலம் வந்தா ஒரு பையன் ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்படியே கொண்டா!"

அடுத்த நிமிஷம் எல்லாவற்றையும் அள்ளினான். பாஸ்மதி அரிசிப் பையில் அடைத்து, தோளில் போட்டுக்கொண்டு ஓடியே வந்துவிட்டான். அவன் பின்னாலேயே டீம் மொத்தமும் லுங்கியோடு வந்தது. பையைப் பிரித்தேன். யா அல்லாஹ், அந்த வாடை! பச்சை ஜெர்ஸி, நெஞ்சில் தமிழில் பெயர். முதுகைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். 312, 417, 305.

"என்ன முருகேசு இது?"

"கட்டில் நம்பர் பாய். போடலைன்னா லாண்டரியில கலந்து போயிருமுல்ல?"

கேம்ப்பில் அதுதான் வழக்கம். எந்தத் துணியாக இருந்தாலும் ரூமும் கட்டிலும் எழுதிவிடுவார்கள். ரெஃப்ரி பார்த்துவிட்டு, "இது டீமா, ஹோட்டலா? லீகில ரெண்டு நம்பருக்கு மேல கூடாது" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். போன உயிர் எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது. ஃபிசியோவின் டேப்பை வாங்கி ஒவ்வொரு முதுகிலும் ஒரு இலக்கத்தை மறைத்தேன். முருகேசனின் 312, பன்னிரண்டாகிக் குவாமேவுக்குப் போனது. இன்னொருவன் வேர்வையில் நனைந்த சட்டையை முகம் சுளிக்காமல் தலைவழியாக மாட்டினான் அவன். ப்ரையன் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யல்லா, யல்லா!" என்று எல்லாரையும் உள்ளே விரட்டினார்.

4. கேலரியிலிருந்து ஒரு கேள்வி

மேட்சில் தோற்றோம். ஆனால் இடதுபக்கமாக ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. குவாமே பந்தைத் தொட்டபோதெல்லாம் முருகேசன் கோஷ்டி, "விட்றாதடா பன்னெண்டு!" என்று கத்தியது. ஆட்டம் முடிந்து அந்தக் கோச் இறங்கி வந்தார். பாராட்டவில்லை, கைகூடக் கொடுக்கவில்லை. குவாமேவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உன் விசா எப்போ கேன்சல்?"

"வர்ற வாரம் சார்."

"கேன்சல் பண்ண வேண்டாம்னு உங்க ஆபீஸ்ல சொல்லு. நாளைக்குக் காலையில எங்க கிரவுண்டுக்கு வா."

வளைகுடாவில் ஒருவன் உங்கள் விசாவைப் பற்றி இப்படிப் பேசினால், உங்களை எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். குவாமே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்? முருகேசனும் வந்து அவனைத் தட்டிக்கொடுத்தான். மற்ற பையன்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மாதமே ஊர் திரும்பினார்கள். அவர்களைப் பார்க்க எந்தக் கோச்சும் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தம்பிகளே, உங்கள் கிளப்பும் ஒருநாள் மூடலாம். ஆபீஸ்காரர்கள் பெட்டி கட்டச் சொன்னால் கட்டுங்கள். ஒரு செட்டை மட்டும், யார் என்ன சொன்னாலும், கடைசி விசில் வரைக்கும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். மூடப்போகிற டீமிலும் எவனாவது ஒருவனுக்கு அந்த மேட்ச் தேவைப்படும்.