வெறுங்கல் சத்தம்

கொத்துப் பரோட்டா போடும் கல்லுக்கு இரண்டு குரல்கள் உண்டு. கல் நிறையப் பரோட்டாவும் முட்டையும் சால்னாவும் கிடக்கும்போது இரும்புத் தகடுகள் இறங்கினால் சத்தம் ஈரமாக, கொஞ்சம் அமுங்கினாற்போல வரும். மதுரையில் வளர்ந்த எவருக்கும் அது காதில் விழுந்த உடனே நாக்கில் நீர் ஊறிவிடும். கல்லில் ஒன்றுமே இல்லாதபோது தகடு விழுந்தால் வருவது வேறு சத்தம்; வறண்டது, பல் கூச வைப்பது. எங்கள் தெருவில் அதற்கு "வெறுங்கல்" என்று பெயர். அதை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் என் கையால் எழுப்பினேன், நாலாம் வகுப்பில். இன்றைக்கும் ஏதாவது ஒரு கடை வாசலில் காலிக் கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

சிம்மக்கல்லை ஒட்டிய தெரு ஒன்றின் கடைசியில் எங்கள் வீடு, தெருவின் தொடக்கத்தில் பேருந்து நிறுத்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு நடைபாதை. நடைபாதை என்பது பெயருக்குத்தான், நான் பிறந்ததிலிருந்து அதன் தரையைப் பார்த்ததில்லை. முனையில் சிக்கந்தர் அண்ணனின் பரோட்டாக் கடை, அடுத்து பருத்திப்பால் வண்டி, அதற்கடுத்து பஞ்சவர்ணம் அக்காவின் வடைச்சட்டி, பிறகு சுண்டல், இட்லி, பழம் நறுக்கிக் கொடுப்பவர் என்று எங்கள் வீட்டு வாசல்வரை வரிசை வரும். கண்ணை மூடிக்கொண்டு வாசனையை வைத்தே எந்தக் கடையைத் தாண்டுகிறேன் என்று சொல்வேன். பந்தயம் கட்டி ஜெயித்தும் இருக்கிறேன். பஞ்சவர்ணம் அக்கா வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் போடுவார், அது பச்சைப்பசேலென்று உப்பி மேலே வந்ததும் எடுத்துப் பொடி தூவி, "இந்தா டீச்சரு, ஊதித் தின்னு, வாயப் பொசுக்கிக்கிட்டு எங்கிட்ட வராத" என்று நீட்டுவார். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பேன் என்பதால் அந்த வரிசையில் எனக்கு "டீச்சர்" என்று பட்டம்.

கடைகளை அள்ளிப்போக வரும் மாநகராட்சி லாரியை அங்கே யாரும் லாரி என்று சொல்லமாட்டார்கள், "விருந்தாளி" என்பார்கள். விருந்தாளி கிளம்பிவிட்டால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு டீக்கடையிலிருந்து சிக்கந்தர் அண்ணனின் செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். அவர் உடனே கல்லைத் துடைத்துவிட்டு வெறுங்கல்லில் தட்டுவார். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு என்றால் இன்னும் நேரமிருக்கிறது, அடுப்பை அணை, எண்ணெய் ஆறட்டும், நிதானமாகக் கட்டு என்று அர்த்தம். இடைவெளியே இல்லாமல் படபடவென்று தட்டினால் விருந்தாளி நம் தெருவுக்குள்ளேயே திரும்பிவிட்டான், கையில் கிடைத்ததோடு சந்துக்குள் ஓடு என்று அர்த்தம். யார் தட்டுகிறார்கள் என்று எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பஞ்சவர்ணம் அக்கா ஜல்லிக்கரண்டியால் சட்டி விளிம்பில் அதையே தட்ட, சுண்டல்காரர் தன் மணியில் தட்ட, சத்தம் வரிசையின் கடைசிவரை ஓடும். எனக்கு அது திருவிழா. அந்த வேகம், அந்த ஓட்டம், தார்ப்பாய்கள் மடங்குகிற அழகு! அதற்கு இரண்டு விதமான தாளம் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அண்ணன் மெதுவாகத் தட்டுகிற நாட்களில் ஓட்டம் இருக்காது என்பதால் நான் அதைக் கவனித்ததே இல்லை.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடதுகால் சூம்பிப்போனது. தொடைவரை இரும்புப் பட்டை வைத்த காலிப்பரும் ஒரு கைத்தடியுமாக, தினமும் கப்பலூருக்குப் போய் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ரப்பர் வாஷர்களைச் சோதித்துப் பிரிக்கும் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது பேருந்தில் வந்து இறங்குவார். இறங்கியதும் தெருவில்தான் நடப்பார், நடுத்தெருவில் ஷேர் ஆட்டோக்களுக்கும் மினிபஸ்ஸுக்கும் பக்கத்தில், காலை வீசி வீசி. ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த வருடம் ஒரு மாலையில் மினிபஸ் ஒன்று உரசி அவரைக் கீழே தள்ளிவிட்டது. காலிப்பர் வளைந்துபோய், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் உட்கார வைத்தார்கள். அம்மா அந்த இரும்பை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நிமிரவில்லை. அப்பா சிரித்தபடி, "பிளாட்பாரத்துல நடக்குற கால் இல்ல இது, ரோட்டு காலு" என்றார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த முறை மினிபஸ் உரசிக்கொண்டு போகாது, ஏறிவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் நான் சும்மா இருக்கிற ஆளா?

காலிப்பரைச் சரிசெய்து அப்பா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். சிக்கந்தர் அண்ணன் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் போயிருந்தார். தொழுதுவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பார். கல் காலியாக, குளிர்ந்து கிடந்தது. தகடு கல்லின் மேலேயே இருந்தது. கப்பலூர் பேருந்து தூரத்தில் தெரிந்தது. நான் தகட்டை எடுத்தேன், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே தாளத்தை, இடைவெளியே இல்லாத அந்தத் தாளத்தை, மூச்சு விடாமல் தட்டினேன்.

நம்பமாட்டீர்கள், அந்த வரிசை ஒரு நிமிடத்தில் மறைந்தது. தார்ப்பாய்கள் விழுந்தன, பருத்திப்பால் வண்டி உருண்டது, ஸ்டூல்கள் பறந்தன. மற்ற நாட்களில் ஓடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்த நான் முதல்முறையாக அந்த நடைபாதையின் தரையைப் பார்த்தேன்: சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாகக் கல் பதித்திருந்தார்கள். அப்பா பேருந்திலிருந்து இறங்கினார். வழக்கம்போலத் தெருவுக்குத் திரும்பியவர் நின்றார், பார்த்தார், தடியை ஊன்றி மேலே ஏறினார். நாலைந்து அடி வைத்தார். அவர் முகத்தில் வந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை; பூங்காவுக்குள் நுழைகிற குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்த அலறல்.

கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு சந்துக்குத் திரும்பிய பஞ்சவர்ணம் அக்காவின் கால், கீழே கிடந்த ஸ்டூலில் தடுக்கியிருந்தது. இடது முழங்கையிலிருந்து விரல்வரை எண்ணெய். அவர் கையை உதறிக்கொண்டே குதித்தார். யாரோ மாவை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது அப்பாதான். இரும்புக்காலோடு அத்தனை வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. "மாவு போடாதீக! தண்ணி, தண்ணி மட்டும் ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க" என்று கத்தியபடி தரையில் உட்கார்ந்து, அக்காவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் கற்றுக்கொடுத்திருந்தார்களாம். இட்லிக்கடைக் குடம், பழக்கடை வாளி எல்லாம் அந்தக் கையில் காலியாயின.

சிக்கந்தர் அண்ணன் தலையில் தொப்பியோடு ஓடி வந்தார். "எனக்குப் போனே வரலையேடா! எவன்டா என் கல்லத் தொட்டது?"

தகடு என் கையிலேயே இருந்தது. அதைக் கீழே போடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்பா பிளாட்பாரத்துல நடக்கட்டும்னுதான்" என்றேன்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் அக்காதான் பேசினார். "இதுக்காடி டீச்சரு தட்டுன? சொல்லியிருந்தா நாங்களே நகந்திருப்போமே."

அப்பா தலையைக் குனிந்தபடி, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் கேட்டார்: "இம்புட்டு வருசமா உங்க முன்னாடிதான நடக்குறேன். யாருமே பாக்கலையாம்மா?"

"பாக்காம என்ன சார்" என்றார் அக்கா. வலியில் குரல் பிசிறியது. "நீங்க ரோட்டுல நடக்கத்தான் பிரியப்படுறீகன்னு நெனச்சோம்."

அன்றைய எண்ணெயைக்கூட நான் ஒருவேளை மறந்துவிடுவேன், இந்தப் பதிலை மறக்கமாட்டேன். கேலி இல்லை, பொய்யும் இல்லை. அவர்கள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். தினமும் "சார், வாங்க" என்று கூப்பிட்டு வடை கட்டிக்கொடுத்தவர்கள், அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்ததே இல்லை. அப்பாவோ வாய்திறந்து கேட்டதே இல்லை. எனக்கு அவர்கள் காலடியில் கிடந்த தரைதான் தெரிந்தது, அடுப்பிலிருந்த சட்டி தெரியவில்லை.

அக்காவின் கை ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவர் இடத்தை வேறு யாரும் பிடித்துவிடாமல் சிக்கந்தர் அண்ணன் அங்கே ஒரு தண்ணீர்ப் பானையை வைத்திருந்தார். நான் தினமும் பள்ளிவிட்டு வந்து அந்தப் பானையை நிரப்புவேன். யாரும் சொல்லவில்லை, வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதே மாதத்தில் ஒரு காலையில், வரிசைக்குப் பின்னால் சுவரை ஒட்டி, முனையிலிருந்து எங்கள் வாசல்வரை சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆளும் ஒரு தடியும் போகிற அகலம். அதற்கு "சார் பைபாஸ்" என்று பெயர் வைத்தார்கள். "எவன்டா சார் பைபாஸ்ல சிலிண்டர வச்சது?" என்று சிக்கந்தர் அண்ணன் சத்தம் போடுவார். "ஏண்ணே, டோல்கேட்டு போட்டுருவமா?" என்று பழக்கடைக்காரர் கேட்பார். கோடு அழிந்தால் யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள். கர்ப்பிணிகள் அதில் போனார்கள், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளியவர்கள் போனார்கள். அப்பாவும் பத்து வருடத்துக்கு மேல் அதிலேதான் நடந்தார். நடக்கும்போது வலதுபக்கம் அடுப்புகளின் சூடு அடிக்கும் என்பார். கையில் எண்ணெய்க் காகிதம் இல்லாமல் வீட்டுக்கு வந்த நாள் குறைவு.

பிறகு நான் நகரமைப்பு படிக்கப் போனேன். முதல் வருடத்திலேயே வகுப்பில் விவாதம்: நடைபாதை உணவுக் கடைகளை நகரங்கள் கட்டுப்படுத்தவேண்டுமா? ஒரு பக்கம் ஏழைகளின் பிழைப்பு என்றார்கள், மறுபக்கம் நடப்பவர்களின் உரிமை என்றார்கள். பெரிய பெரிய வார்த்தைகள். எதற்கும் முதலில் கை தூக்குகிற நான் அன்றைக்குத் தூக்கவில்லை. இரண்டு பக்கமும் எனக்கு ஆட்களாகத் தெரிந்தார்கள்: ஒருவரின் கால், ஒருவரின் கை. இன்றைக்குக் கேட்டால் சொல்வேன். கட்டுப்படுத்தத்தான் வேண்டும், ஐயா, ஒரு கோடு கட்டாயம் வேண்டும். இரும்புக்காலோடு ஒருவர் மினிபஸ்ஸுக்குப் பக்கத்தில் நடப்பதை ருசியின் பெயரால் யாரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் கோடு போடுவதும் துடைத்தெடுப்பதும் ஒன்றல்ல. எங்கள் தெரு ஒரு டப்பா சுண்ணாம்பில் செய்ததைச் செய்யப் பெரிய படிப்பு தேவையில்லை. அதற்கு ஒரு கை வெந்துபோக வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனேன். தெரு மாறியிருக்கிறது என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். நடைபாதையை அகலமாக்கி, புதுக்கல் பதித்து, கைப்பிடிக் கம்பிகூட வைத்திருக்கிறார்கள். கடைகள் எல்லாம் பின்தெருவைத் தாண்டி ஒரு காலி மனைக்கு மாற்றப்பட்டுவிட்டன. சிக்கந்தர் அண்ணன் தொழிலை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டாராம். அந்த மனையில் பஞ்சவர்ணம் அக்காவைப் பார்த்தேன். மேலே தகரக்கூரை, குழாயில் தண்ணீர், ஓடவேண்டிய பயமில்லை. இடது கையில் அந்தத் தழும்பு பளபளவென்று அப்படியே இருந்தது. "டீச்சரு, எடம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இங்க வாரவுக எல்லாம் தேடி வாரவுக. போற வாரவுக யாருமில்ல. நம்ம யாவாரமே போற வாரவுகதானடி." அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்டார். அத்தனை தூரம் அவரால் நடக்க முடியவில்லை என்றேன். ஆறு வடையைக் கட்டிக்கொடுத்து, "ஆறிப்போகும். சட்டுனு கொண்டு போ" என்றார்.

மறுநாள் மாலை அப்பாவை அழைத்துக்கொண்டு தெருமுனைவரை போகலாம் என்று கிளம்பினேன். அவருக்காகவே போட்டது போன்ற பாதையல்லவா, அவர் அதில் நடப்பதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை. வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். காலையில் தெரிந்த புதுக்கல்லே இப்போது தெரியவில்லை. முனைவரைக்கும், ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரசும்படி, பைக்குகள். சுவரை ஒட்டிப் பார்த்தேன்; அங்கேயும் ஒரு வரிசை. ஓர் ஆள் போகிற இடைவெளிகூட இல்லை. பைக் நிறுத்திவிட்டு எங்கோ போய்விட்டவர்களிடம் யார் போய், எங்கே நின்று கேட்பது?

அப்பா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. கைத்தடியைத் தூக்கி, முதலில் நின்ற பைக்கின் முன்பக்க இரும்புக் கம்பியில் தட்டினார். மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. எனக்கு அன்றைக்குத் தெரியாமல்போன அந்த மெதுவான தாளம். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருவரும் காத்திருந்தோம். எங்கிருந்தோ ஒரு பைக்கின் அலாரம் கத்தி ஓய்ந்தது. ஒருவரும் வரவில்லை.

"சரி, வா பாப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா தெருவில் இறங்கினார். மினிபஸ் வருகிற பக்கத்தில், அவரை ஒட்டி நான் நடந்தேன்.