பால் தொட்டு ஒட்டிய சொற்கள்

சிறுவயதில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அதில் முக்கால் பங்கு அத்தை கொடுத்த செல்லம்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் மோதிக்கொண்டிருந்த அவசரகாலம் அது. ஈஜோக் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, காட்டிலிருப்பவர்களுக்கு யாராவது சோறு கொண்டு போகிறார்களா என்று வாளிக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். அப்பாவின் தங்கையான அத்தைக்குப் பதினெட்டு வயது. பட்டையைக் கீறிப் பால் இறக்கும் பால்மர வெட்டு அவள் வேலை. எனக்குப் பள்ளி மத்தியானம்தான் என்பதால் கூடவே போய், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து வைப்பேன்.

அத்தைக்கு நர்ஸாக வேண்டும் என்று ஆசை. அதற்குக் கோலசிலாங்கூரில் ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டம்மா ஓர் இலக்கணப் புத்தகத்தை இரவல் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் வந்துவிட்டது. எது பெயருக்கு அடை, எது வினைக்கு அடை, வினையில் பிறந்துவிட்டுப் பெயரோடு ஒட்டிக்கொண்டு திரியும் எச்சம் எது என்பதில்தான் குழம்பிப் போவாள்.

"லி-ன்னு முடிஞ்சா வினைக்குன்னு நெனச்சேன். லோன்லி அப்படி இல்லையாம் லா," என்று தலையில் கைவைத்துக்கொள்வாள்.

யோசனை சொன்னது நான்தான். அத்தை சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதித் தந்தாள். நான் மங்கில் விரலைத் தோய்த்து, ரப்பர் பாலையே பசையாகத் தடவி, மரத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். ஒரு நிரையில் பெயருக்கானவை, அடுத்த நிரையில் வினைக்கானவை, அதற்கடுத்ததில் எச்சங்கள். பனி கலையாத மரங்களுக்கு நடுவே அத்தை ஒவ்வொன்றாய் முணுமுணுத்துக்கொண்டே வெட்டிப் போவாள். ஸ்லோலி வந்தால் மெதுவாக நடப்பாள். டயர்ட் வந்தால் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பால் சொட்டுவதும் அவள் குரலும் தவிர வேறு சத்தமே இருக்காது. அந்தக் காலைகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி முடியாது. இப்போதும் கனவில் அங்கேதான் நடக்கிறேன்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது ரோந்துக்காரர்கள் நிரைக்குள் வந்தார்கள். காட்டுக்காரர்கள் செய்தி எழுதி மரங்களில் தாள் ஒட்டிவிட்டுப் போவது அப்போது வழக்கம். மத்தியானம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரியின் கையில் எங்கள் தாள்கள் இருந்தன. சைலண்ட்லி. ஹிடன். வெயிட்டிங். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பாவம், இவரும் இலக்கணத்தில் எங்களைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு ஒட்டுனது? மரியாதையா இப்பவே சொல்லிடுங்க," என்றார் எங்களை மேய்க்கும் மண்டோர்.

பாராட்டத்தான் தேடுகிறார்கள் என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன். அத்தை என் கவுனைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

"எழுதுனது, ஒட்டுனது எல்லாம் நான்தாங்க. பரீட்சைக்குப் படிக்கிறேன்."

லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா எங்கள் லயத்து வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். கிராணி வீட்டம்மாவை விசாரித்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, சொன்னது உண்மைதான் என்று அத்தையை விடுவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. பரீட்சை முடிந்துபோயிருந்தது. மறுபடி எழுத அவளை யாரும் கூப்பிடவில்லை.

இளைத்துக் கறுத்து வந்தவளை எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எம்மேல என்னாடி கோவம்?"

"யோசனை என்னோடது. ஒட்டுனதும் நானு. எல்லாரு முன்னாலயும் நீ செஞ்சதுன்னு சொல்லிட்ட."

அத்தை என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"தப்புதான்டி. மன்னிச்சுக்க," என்றாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அப்புறம், போனால் போகிறதென்று மன்னித்துவிட்டேன்.