இருபது செக்கன் கதவு

லிப்ட் திறந்தால் நாங்கள் ஏறுவோம், ரஜனி ஏறமாட்டார். வெளியே நின்று, கைபேசியில் செக்கனை ஓடவிட்டு, எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் நுழைகிறார்கள் என்று பார்ப்பார். கேட்டால், "நீங்கள் ஏறுங்கோ அண்ணை, நான் உங்களைத்தான் அளக்கிறன்" என்பார். எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் இவரோடு கதைத்து நின்றே எனக்கு எத்தனையோ தடவை லிப்ட் போய்விட்டது.

ரஜனி போக்குவரத்துப் பொறியியலாளர். நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு போகும் விமான நிலையத்தில், கார் தரிப்பிடத்திலிருந்து புதிய முனையம் வரை நிலத்துக்கு அடியால் ஓடப்போகும் சின்ன ரயிலைத் திட்டமிடும் குழுவில் இருக்கிறார். ஓட்டுநரே இல்லாத ரயில். அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் பால் பொங்கி வழிவதும் தெரியாது. மேசையில் வைத்துக் காட்டுவார்: சீனிப் போத்தல்தான் முனையம், பிஸ்கட் பெட்டிதான் ரயில். கேட்டுக் கேட்டு, அதில் ஒருநாள் ஏறிவிட வேண்டுமென்று எனக்கே ஆசை பிடித்துவிட்டது.

கதவு இருபது செக்கன் திறந்திருந்தால் போதும் என்று வரைபடத்தில் இருந்தது. ரஜனிக்கு அது நெஞ்சுக்குள் இறங்கவே இல்லை.

"எங்கட சனம் தனியவா எயார்போட்டுக்குப் போகுது? ஒராள் பறக்கப் பதினொரு பேர் வழியனுப்ப வருகினம். ட்றைவர் இருந்தால் பாத்து நிப்பாட்டுவான். இது ஆருக்கும் நிக்காது."

நாற்பது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தலைமைப் பொறியியலாளர் நாகேந்திரம் மசியவில்லை. மணி அடித்தால் சனம் தானாக ஓடி ஏறும் என்றார். திங்கட்கிழமை வரைபடத்தில் கையெழுத்து, அதன்பிறகு ஒன்றும் மாற்ற ஏலாது.

ஞாயிறு காலை எங்கள் கார் தரிப்பிடத் தரையில் வெள்ளை டேப் ஒட்டி, ரஜனி ரயில்பெட்டி ஒன்றை உண்டாக்கினார். மாடிக் குடும்பங்கள் எல்லாம் சூட்கேஸோடு இறங்கின. எனக்கு வாய்த்தது அரிசி அடைத்த சூட்கேஸ், முப்பது கிலோ. நாகேந்திரமும் அழைப்பின்பேரில் மனைவியோடு வந்திருந்தார்.

"கதவு திறந்தாச்சு" என்றார் ரஜனி. ஏறினோம். பதினெட்டாம் செக்கனில் அவரின் கைபேசியில் மணி அடித்தது. ஒருவரும் ஓடவில்லை. உள்ளே நின்றவர்கள் திரும்பித் தலை எண்ணினார்கள். "அம்மா எங்க?" என்று இரண்டு குடும்பம் சூட்கேஸோடு வெளியே வந்துவிட்டது. நாகேந்திரமும் உள்ளேதான் நின்றார். மனைவி வெளியே குனிந்து செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். டேப்பைத் தாண்டி அவரும் இறங்கினார்.

ரஜனிக்கு வாயெல்லாம் பல். வரைபடத்தைக் கார் பொனெட்டில் விரித்து, பென்சிலை நாகேந்திரத்தின் கையில் கொடுத்தார்.