எழுதினதை வாசிங்க

எங்கள் சபையில் அவரை எல்லோரும் ஜிப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மார்க்கெட்டின் பின்பக்கம் ஒரு கதவு அகலத்தில் கடை. பைகளுக்கும் பேண்ட்டுகளுக்கும் ஜிப் மாற்றுவது பிழைப்பு. பிய்ந்த பேண்ட் ஜிப்போடு போனால், "தப்பு ஜிப்பு மேல இல்ல, உங்க சாப்பாட்டு மேல" என்பார். வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபச் சீட்டுகளை வாசிப்பவன் நான். தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி ஆட்கள் எழுதிப் பெட்டியில் போடுவதை அப்படியே வாசிக்க மாட்டேன். குடித்துவிட்டு அடிக்கும் கணவன் என் வாயில் 'ஒரு சகோதரனின் பலவீனம்' ஆகிவிடுவான். அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். கோழைத்தனம் என்று இப்போது சொல்கிறேன்.

அக்காவின் மகன் போதை ஊசிக்கு அடிமை. மூன்று வருடமாக அவனுக்காக ஜெபிக்காத வாரமில்லை; உபவாசம்கூட இருந்தோம். தங்கையின் படிப்புக்கு வாங்கிய லேப்டாப்பை விற்க எடுத்தபோது, தடுத்த அவளின் தலையைச் சுவரில் மோதினான். அன்று போன இடது காது திரும்பவில்லை. அவளுக்காக நாங்கள் ஒரு வாரமும் ஜெபித்ததில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்கான ஜெபத்துக்கெல்லாம் அவளும் உட்கார்ந்து ஆமென் சொன்னாள்.

போன சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்: "நாளைக்குத்தான் கடைசி. அப்புறம் நான் கோயிலுக்கு வரல. அங்க எல்லாருக்கும் அவன் மட்டும்தான் பிள்ளை."

மறுநாள் அக்காவின் சீட்டைப் பிரித்தேன். வழக்கம்போல, "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்றேன்.

அக்கா எழுந்து நின்றார். "தம்பி, எழுதினதை வாசிங்க."

போதகர் நெளிந்தார். "அம்மா, புதுசா ஆளுங்க வந்திருக்காங்க. அப்புறம் பேசிக்கலாமே."

"மூணு வருஷமா அப்புறம்தான் ஐயா. மானம் போகும்னா போகட்டும். என் பொண்ணு காதே போயிருச்சு."

எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன்: "என் மகன் போதைக்காகத் தன் தங்கையைச் செவிடாக்கினான். அவனை மன்னித்துவிட்டேன். வீட்டுச் சாவியைத் தரமாட்டேன். இன்று என் மகளுக்காக ஜெபியுங்கள்."

போதகர் கண்களை மூடினார். "ஆண்டவரே, வழிதவறிய அந்த மகனை..." என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம்.

"ஐயா, மகளுக்கு," என்றார் அக்கா. இன்னும் உட்காரவில்லை.

முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார். கொட்டட்டும். அடிபட்டவளைத் தாண்டிப்போய் அடித்தவனுக்கு மட்டும் முழங்கால் போடுவது இரக்கம் என்றால், அது கிறிஸ்துவின் இரக்கம் இல்லை. நானும் அப்படித் தாண்டிப் போனவன்தான்.

போதகர் கண்களைத் திறந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். பிறகு அவளுடைய பேரைச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தார். சபை முழுவதும் சத்தமாகச் சேர்ந்துகொண்டது. அந்த இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அம்மா, என்ன சொல்றாங்க?" என்று உரக்கக் கேட்டாள்.

அக்கா அவளுடைய வலது காதுப் பக்கம் குனிந்தார். ஆனால் மெதுவாகச் சொல்லவில்லை.

"உன் பேரைச் சொல்றாங்க."