டொமினோ என்று கத்தியவர்கள்

கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுக் கரையில் விழுந்த ஷெல் தவச்செல்வனின் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. முகாமிலிருந்து வெளியே விட்டதும் மனைவி றீற்றா அவனைத் புத்தளத்துப் பக்கம் தன் சொந்த ஊரான தலவிலவுக்குக் கூட்டிவந்தாள். அவள் கடற்கரையில் மீன் காயவைக்கும் கொட்டகையான கருவாட்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் வீட்டில் சும்மா இருந்தான். அப்படி இருப்பவனுக்கு ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று அவனைக் கேட்டால் தெரியும்.

வாடிக்காரர் லாபிர், தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வந்தவர். கட்டாரில் சமையல்காரராக இருந்த காலத்தில், கூட வேலை செய்தவர்களிடம் டொமினோ என்ற கட்டை விளையாட்டைப் பழகி ஒரு பெட்டியும் வாங்கி வந்திருந்தார். கட்டைகளில் புள்ளிகள் குழிகுழியாக வெட்டப்பட்டிருந்தன. ஒருநாள் றீற்றாவிடம், "அவர வீட்டுக்குள்ள அடச்சி வெச்சிட்டு வாறீங்களே தங்கச்சி, இங்க கூட்டிக்கிட்டு வாங்க. இந்த வெளயாட்டுக்குக் கண்ணு வேணாம், வெரல் போதும்" என்றார்.

விரல் போதுமாகத்தான் இருந்தது. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் பலகையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். றீற்றாவின் தம்பி கிருஷாந்தனும் சில நாட்களில் வருவான். கையிலிருக்கும் கட்டைகளை முதலில் வைத்து முடிப்பவன் கடைசிக் கட்டையைப் பலகையில் அறைந்து "டொமினோ!" என்று கத்துவான். தவச்செல்வன் கத்தினால் வாடிக் கூரையில் இருக்கும் காகம் பறக்கும்.

"பழைய லத்தீன் பூசைப்பாட்டில ஆண்டவருக்கு வாற சொல்லெல்லோ இது. அவரை இப்பிடிப் போட்டு அறையிறியளே" என்று கருவாட்டைப் புரட்டியபடி றீற்றா சிரிப்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது உயிர்த்த ஞாயிறன்று முஸ்லிம் தீவிரவாதக் குழு ஒன்று தேவாலயங்களில் குண்டுகளை வெடிக்கவைத்தது. கிருஷாந்தனின் கூட்டாளி ஒருவன் நீர்கொழும்பில் பூசைக்குப் போன இடத்தில் பிள்ளையோடு செத்தான். செத்தவீட்டுக்குப் போய்வந்த கிருஷாந்தன் அதற்குப் பிறகு வாடியை எட்டியும் பார்க்கவில்லை.

ஒரு காலை பொலிஸ் வந்து வாடியைக் கிண்டியது. லாபிரையும் டொமினோப் பெட்டியையும் கொண்டுபோனார்கள். தினமும் அங்கே ஆட்கள் கூடி ஏதோ ரகசியச் சொல்லைக் கத்துகிறார்கள் என்று யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள்.

மத்தியானம் வாசலில் வந்து நின்ற தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அந்த யாரோ யாரென்று றீற்றாவுக்கு விளங்கிவிட்டது.

"நடந்ததைத்தான் சொன்னன் அக்கா. பொய் ஒண்டும் சொல்லயில்லை."

"அங்க உன்ர அத்தானும்தானேடா இருந்தவர்!"

"அத்தான்ர பேரைச் சொல்லயில்லை."

உள்ளே தவச்செல்வன் கொடியில் சட்டையைத் தடவித் தேடினான். "றீற்றா, என்னைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போ."

"இஞ்சேருங்கோ, உங்களை எத்தினை தரம் விசாரிச்சவங்கள். கண் எப்பிடிப் போனது எண்டு திரும்பவும் தொடங்குவாங்கள்."

"தொடங்கட்டும். அந்தச் சொல்லை ஆகச் சத்தமாக் கத்தினவன் நான்தானே."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பொலிஸ் நிலையத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டான். திரும்பிவிடுவான் என்றே றீற்றா நினைத்தாள். அவன் மூச்சை இழுத்து விட்டு, "நட" என்றான்.

அதிகாரி கட்டைகளை மேசையில் கொட்டினார். றீற்றா சிங்களத்தில் விளையாட்டை விளக்கினாள்.

"ஒன்று விழுந்தால் அடுத்தடுத்து எல்லாம் விழும், அதற்குத்தான் டொமினோ என்று டீவியில் சொல்கிறார்கள். நீங்கள் எதை விழுத்தப் பார்த்தீர்கள்?" என்றார் அதிகாரி.

 தங்கள் கோவிலில் அது ஆண்டவரைக் குறிக்கும் சொல் என்றாள் றீற்றா.

"முஸ்லிம் ஆளுக்கு உங்கள் ஆண்டவரோடு என்ன வேலை?"

றீற்றா அதைத் தமிழில் சொன்னதும் தவச்செல்வன் சொன்னான்: "ஆண்டவரைக் கூப்பிடயில்லை எண்டு சொல்லு. வெண்ட சந்தோசத்தில கத்தினது. அது குற்றமெண்டா என்னையும் உள்ளுக்குப் போடச் சொல்லு."

கடைசி வசனத்தை விழுங்கிவிடலாமா என்று றீற்றா யோசித்தாள். பிறகு அப்படியே சொன்னாள்.

அதிகாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனுக்குக் கண் எப்படிப் போனது?" என்று கேட்டார்.

சில நாட்களில் லாபிரை விட்டார்கள். தவச்செல்வன் போனதுதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. லாபிர் வாடியைக் கைவிட்டு, மனைவி ஜுனைதாவின் ஊரான கனமூலைக்குப் போக முடிவெடுத்தார். சொல்லிவிட்டுப் போக வந்தவர் தவச்செல்வனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது தடவயும் ஊர விட்டுப் போறன் செல்வன். அன்டைக்கு மன்னார்ல எங்களுக்காக ஒருத்தரும் வந்து நிக்கல்ல. இந்தத் தடவ நீங்க நின்டீங்க."



அதற்குப் பிறகு விசாரணைக்காரர்கள் அவன் வீட்டுக்கு அடிக்கடி வந்தார்கள். வாடி மூடியதால் றீற்றா வேறு வேலை தேடி அலைந்தாள். ஒருநாள் கிருஷாந்தன் ஒரு பாரைமீனோடு வந்து வாசலில் நின்றான்.

"பயத்தில செய்திட்டன் அத்தான்."

"எனக்கும்தான் பயம்" என்றான் தவச்செல்வன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

கிருஷாந்தன் மீனைப் படியில் வைத்துவிட்டுப் போனான். றீற்றா அதைக் கறி வைத்தாள். தவச்செல்வன் வெறும் பருப்போடு சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தான்.