மஞ்சள் தடவிய விண்ணப்பம்

மக்கா, நீங்கள் ரெண்டு பேரும் என்னிடம் கேட்கப் பயப்படுகிறீர்கள் என்று தெரியும். உங்கள் மாமா ஏன் வீட்டுக்கு வருவதில்லை, அடுத்த தெரு மாடிகளில் சோலார் மின்னும்போது நம் மாடி ஏன் வெறும் மாடியாகக் கிடக்கிறது என்பதைத்தான் கேட்க நினைக்கிறீர்கள். அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். கேட்கட்டும். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பக்கவாதம் வந்து தாத்தா படுக்கையில் விழுந்ததும், ஆஸ்பத்திரியில் காற்று மெத்தை வாங்கிப் போடச் சொன்னார்கள். கட்டில் கால்மாட்டில் தொங்குகிற சின்ன மோட்டார் மெத்தையின் குழாய்களுக்கு மாற்றி மாற்றிக் காற்றை அனுப்பும். அதனால் முதுகு ஒரே இடத்தில் அழுந்தாது, புண் வராது. கரண்ட் இருக்கும்வரைதான் இதெல்லாம். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மத்தியானம் தாண்டித்தான் கரண்ட் வரும். அதற்குள் மெத்தை சப்பிப்போகும். நான் பூ மார்க்கெட்டில் எடை போட்டுக்கொண்டு நிற்பேன். இங்கே உங்கள் அம்மா ஒருத்தியாகத் தாத்தாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைப்பாள்.

முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு இன்வெர்ட்டர் கைகொடுத்தது. அதன் பேட்டரி உப்பிப்போய் நின்றுவிட்டது. புதுசு வாங்க வண்டியை வெளியே எடுத்த அன்றைக்குத்தான் உங்கள் மாமா வந்து நின்றான். அப்போது அவன் சிவகிரி, திருவேங்கடம் பக்கமெல்லாம் போய் சோலார் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பேட்டரி எதுக்கு அத்தான்? சூரியன் இருக்க வரைக்கும் ஒங்க வீட்டுல கரண்டு போவாது.”

நான் வண்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன். விண்ணப்பத்தைக் கொடுத்தான். உங்கள் அம்மா அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கோமதி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கொண்டுவந்தாள். மஞ்சள் பட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. அதிலும் கொண்டுவந்தவன் தாய்மாமன். குற்றாலத்து மழையையும் யாரோ வீட்டுக் கல்யாணத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். மார்க்கெட்டில் கால் கிலோ பிச்சிப்பூவாக இருந்தாலும் தராசு நம்பரை விவசாயிக்குக் காட்டாமல் நான் இறக்கியதில்லை. பத்தாவது வரை படித்தவன்தான், வாசிக்கத் தெரியாதவன் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தை வாசிக்கவில்லை.

பேனல் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்றே ரெண்டு பராமரிப்பு நாட்கள் போயின. முதல் தடவை தாத்தாவின் இடுப்புக்கு மேலே சிவந்திருந்தது. ரெண்டாம் தடவை தோல் உரிந்துவிட்டது. அம்மா மருந்து போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். சோலார் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

மூணாவது தடவை கரண்டை நிறுத்திய அன்று, மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டில் உங்கள் மாமாதான் பேனல் போட்டுக் கொடுத்திருந்தான். ஊரெல்லாம் கரண்ட் இல்லாதபோது அங்கே மட்டும் ஃபேன் சுற்றுவதைக் கண்ணால் பார்க்க ஆசை. மாடியில் வெயில் பட்டுப் பேனல் கண்ணைக் கூச வைத்தது. கீழே வாசலில் அந்த வீட்டுக்கார அம்மா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

பேனல் ரிப்பேரா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

“லைன்ல கரண்டு இருந்தாத்தான அண்ணாச்சி இது ஓடும்? இல்லன்னா இங்க இருந்து லைனுக்குப் போற கரண்டு கம்பத்துல வேலை பாக்கவனுக்கு ஷாக் அடிச்சிரும்லா, அதான் தானா நின்னுக்கிடும். பில்லு கொறையும், அம்புட்டுதான். ஒங்க மச்சினன் சொல்லலியா?”

மக்கா, சோலாரை நான் குறை சொல்லவில்லை. பில் குறைந்தால் போதும் என்கிறவர்கள் தாராளமாகப் போடலாம். பேட்டரியோடு சேர்த்துப் போடுகிற வகையும் இருக்கிறதாம். அதைப் போட்டால் லைனில் கரண்ட் இல்லாதபோதும் ஓடுமாம். அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் லோடு ஆட்டோவில் இரும்புச் சட்டங்களோடு வந்து இறங்கினான். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். கேட்டைத் திறக்காமலே கேட்டேன், கரண்ட் நிறுத்துகிற அன்றைக்குத் தாத்தா மெத்தை ஓடுமா என்று.

“அத நீங்க கேக்கவே இல்லையே அத்தான். பில்லுக்காகத்தான் போடுதியன்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன். “எங்கப்பா கட்டில்ல ஒக்காந்துதானல காப்பி குடிச்ச? அந்த மோட்டாரு சத்தம் ஒன் காதுல விழலையா?”

அம்மா தம்பிக்குப் பரிந்து வருவாள் என்று நினைத்தேன். அவள் படியிறங்கி வந்து கேட்டைத் திறந்தாள். சத்தமே போடவில்லை.

“உள்ள வந்து அவிய அப்பா முதுக ஒரு தடவ பாரு. பாத்துட்டுப் பொறவு சொல்லு, போடலாமா வேண்டாமான்னு.”

அவன் உள்ளே வரவில்லை. ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டான்.

அவன் மீது இருக்கிற கோபம் ஒருநாள் ஆறினாலும் ஆறும். வெளியே எடுத்த வண்டியை உள்ளே வைத்தவன் மீது இருக்கிற கோபம் ஆறுமா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் உங்களைக் கூப்பிட அம்மா பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் புதுப் பேட்டரியை வண்டியில் கொண்டுவந்து இன்வெர்ட்டரில் மாட்டினேன். பிறகு மெயின் சுவிட்சை இறக்கினேன். மெத்தை மோட்டார் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. தூங்கிக்கொண்டிருந்த என் அப்பாவின் முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். ஒரு குழாய் இறங்கியது, பக்கத்துக் குழாய் மெல்ல ஏறியது. அது திரும்ப இறங்குகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை. அப்புறம் போய் மெயினை ஏற்றினேன்.